சென்னியப்பன் எடுத்த பார்ட்டிஷன்

கொல்லங்கோட்டில் எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அப்புசாமி, சென்னியப்பன் என்ற அண்ணன் தம்பிகளுடையது. தகப்பனார் காலமான பிறகும் அவர்கள் பாகம் பிரிக்கவில்லை. அப்புசாமி விவசாயத்தைப் பார்த்தார். சென்னியப்பன் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஓர் அறையையே அடைத்து நிற்கும் இயந்திரம் அது. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவான்.

1976 கோடையில் அந்தக் கல்லூரியில் மிக்கேல்ராஜ் என்ற விரிவுரையாளர் ஒரு கணக்கோடு திண்டாடிக்கொண்டிருந்தார். சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் குடியிருந்த லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு மேலே, மலைச்சரிவில் முந்தின மழைக்கே வெடிப்பு விட்டிருந்தது. சரிவு தாங்காது என்று கணக்கில் காட்டினால் லயத்தை மாற்றித் தருவதாக மானேஜர் சொல்லியிருந்தார். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

கணக்கோ ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. இயந்திரத்தின் மெமரி 128 கே. அதில் 24 அதன் சொந்த நடப்புக்கே போய்விடும். மீதியை 52, 52 என்று இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று ஆராய்ச்சிக்கு, மற்றது அலுவலக வேலைக்கு. மிக்கேல்ராஜின் கணக்குக்கு 90 வேண்டும். சுருக்கிப் போட்டால் ஓடியது, ஆனால் விடையை நம்ப முடியவில்லை.

"ஒரு நாளைக்கு மட்டும் ஆபீஸ் பங்கையும் இதுக்கே குடுத்தா ஓடீருமுங்க சார்," என்றான் சென்னியப்பன்.

"ஓடிருச்சின்னா எங்க லயத்துல ஒனக்குச் செலையே வச்சிருவோம்யா."

துறைத் தலைவர் ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி தந்தார். திங்கள் காலை எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து சந்தைக்கு வந்த கருப்புசாமியிடம் சென்னியப்பன் சொல்லி அனுப்பினான்: "பார்ட்டிஷன் வேலை இருக்குது, இந்த வாரம் வரலைன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

எங்கள் பக்கத்தில் பார்ட்டிஷன் என்றால் சொத்தைப் பிரித்து ஆதாரப் பத்திரம் எழுதுவது ஒன்றுதான். தாயார் கமலாத்தாள் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மே 9, ஞாயிறு, முதல் பஸ்ஸில் அப்புசாமி கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனார்.

இயந்திர அறை வாசலிலேயே தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, பாகம் வேணும்னா என்றகிட்டக் கேக்கக் கூடாதா? வக்கீலூட்டுக்கு எதுக்குப் போற? கெணத்து மேட்டு வயலை நீயே எடுத்துக்க. அம்மா மட்டும் என்றகூட இருக்கட்டும்."

சென்னியப்பன் விழித்தான். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டான். "நான் பிரிக்கலீங்ணா. பிரிச்சு வெச்சதைச் சேத்தறேன்."

"பொட்டிக்கு எதுக்குடா பாகம்?"

"நம்மூட்ல நீங்க இருக்கறீங்க, பாகம் வேண்டியதில்லை. இதுக்கு அண்ணன் இல்லீங்களே!"

எங்களை உட்கார வைத்துவிட்டு, அலுவலகப் பங்கைப் பூஜ்யம் என்றும் ஆராய்ச்சிப் பங்கை 104 என்றும் இயந்திரத்தின் தட்டச்சில் அடித்தான். இந்த முறை கணக்கு நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அச்சுக் காகிதம் வெளியே வந்தது. மிக்கேல்ராஜ் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"நனைஞ்சா தாங்காது. நல்ல சேதி இல்ல. ஆனா மழைக்கு முந்தி வந்துருச்சு."

சென்னியப்பன் பழைய அளவுகளைத் திரும்ப அடித்துச் சரிபார்த்த பிறகுதான் எங்களோடு பஸ் ஏறினான்.

மானேஜர் சொல் தவறவில்லை. லயத்துக் குடும்பங்கள் மழைக்கு முன்பே சரிவுக்கு எட்டத்தில் இருந்த மேட்டுக்கு மாறின. ஆனி கடைசியில் சரிவு இறங்கியபோது மண் விழுந்தது காலி வீடுகளின் மேல்.

சூரியநெல்லியிலிருந்து சிலை வரவில்லை. ஒரு பை தேயிலைத்தூள் வந்தது. கமலாத்தாள் அதில் டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்.

"அடுத்த பார்ட்டிஷன் எப்படா?" என்று கேட்டார் அப்புசாமி.