வேம்புவிடம் சொல்லாத சேதி

பூவிழியின் ஊர் குன்னத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஊர். அவள் தெருவிலிருந்து நர்சிங் படித்தவர்கள் உண்டு, போலீஸ் வேலைக்குப் போனவர்கள் உண்டு. சட்டம் படிக்கப் போனவள் அவள் ஒருத்திதான். திருச்சியில் நான்காம் ஆண்டை முடித்த கையோடு, அரியலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுக்கும் அலுவலகம் அது.

அங்கே யாரும் அவளை விரட்டவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பேப்பர் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார்கள். அதைத் தவிர அவளிடம் பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. மத்தியானம் மற்றவர்கள் டப்பாவைத் திறந்து பகிர்ந்து சாப்பிடும்போது, இவள் வெளியே புங்க மரத்தடியில் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு வருவாள். சாயங்காலம் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தால், அப்பா இளையபெருமாள் ஆசையாகக் கேட்பார்.

"இன்னிக்கு எத்தினி கேஸ்ல வாதாடுன?"

"படிச்சு முடிச்சாதான்ப்பா வாதாட முடியும்."

மறுநாளும் அதையே கேட்பார். கல்லூரித் தோழிகள் சென்னையில் பெரிய வக்கீல்களிடம் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் ஐகோர்ட் படங்களாக வந்து விழுந்தன. பூவிழி ஏதோ எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாவது வாரம் ஜெகதாம்பாள் என்கிற வக்கீல் அவளைக் கூப்பிட்டார். ஆணைக்குழுவின் சார்பில் இலவசமாக வழக்கு நடத்துகிறவர்.

"வெள்ளிக்கிழம கிளைச்சிறைக்குப் போறேன். வக்கீல் இல்லாதவங்க யார் யாருன்னு கேட்டு எழுதணும். வர்றியா?"

சிறையில் ஒரு மேசை போட்டார்கள். கைதிகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பூவிழி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

"பேரு?"

"கலைச்செல்வன்."

குரலைக் கேட்டதும் பேனா நின்றது. அவள் தெருக்காரன். பத்தாம் வகுப்பு வரை அவளோடு படித்தவன். எட்டாவதில் கணக்கு வாத்தியாரோடு அவள் மல்லுக்கட்டியபோது 'வக்கீலம்மா' என்று பட்டம் வைத்தவன் அவன்தான். அந்தப் பட்டத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கே சட்டம் படிக்கும் ஆசை வந்தது. அவன் இவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"வக்கீல் இருக்காங்களா?"

"இல்லைங்க மேடம்."

அந்த 'மேடம்' அவளைச் சுருக்கென்று தைத்தது.

என்ன வழக்கு என்று ஜெகதாம்பாள் கேட்டார். செம்புக் கம்பித் திருட்டு. திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டுவிட்டு வந்து இந்தப் பக்கம் வேன் ஓட்டியிருக்கிறான். உள்ளே என்ன ஏற்றினார்கள் என்று தனக்குத் தெரியாது என்றான். நிஜமா, பொய்யா, அவன் முகத்திலிருந்து பூவிழியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வூட்டுக்குத் தெரியுமா?" என்றார் ஜெகதாம்பாள்.

"திருப்பூர்லயே இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. தெரிய வேணாங்க." கடைசி வார்த்தையைப் பூவிழியைப் பார்த்துச் சொன்னான்.

திரும்பும் வழியில் அவள் ஜெகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சொன்னது நல்லது. ஆனா அவன் சரின்னு சொல்லாம ஊர்ல ஒரு வார்த்த வரக்கூடாது. அவனப் பெத்தவங்களுக்கும், ஒன்னப் பெத்தவங்களுக்கும் கூட. தாங்குவியா?"

"தாங்குவேன் மேடம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வனின் அம்மா வேம்பு, பூவிழியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"பூவு, அவன் போனு ஒரு வாரமா எடுக்கலடி. லாரி கீரி மோதிருச்சோ என்னமோ. நீதான் கோர்ட்டு, கச்சேரின்னு போற புள்ள. திருப்பூரு ஸ்டேஷன்ல ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன் சாமி."

மாராப்புக்குள் இருந்து அவன் போட்டோவை எடுத்துக் கையில் திணித்தாள்.

"கேக்கறேன் சின்னம்மா. ஒண்ணும் ஆயிருக்காது. அழுவாதீங்க."

அதற்கு மேல் நின்றால் வாய் தவறிவிடும் என்று உள்ளே போய்விட்டாள். "ஒரு வாய் காப்பி கூடக் குடுக்கல, என்னடி படிச்ச?" என்று அம்மா திட்டினாள்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்க ஜெகதாம்பாள் மறுபடி சிறைக்குப் போனபோது அவளும் போனாள். இந்த முறை அவளே பேசினாள்.

"கலை, சின்னம்மா சோறு தண்ணி இல்லாம கெடக்கறாங்க. நீ நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லட்டா?"

"எங்க பாத்தேன்னு கேட்டா?"

"அப்ப நீயே போன் பண்ணு. இங்கேருந்து பேச விடுவாங்க."

"பேசுனா அழுதுருவேன். அது கண்டுபுடிச்சுரும்." சற்று நின்று, தாழ்ந்த குரலில் சொன்னான்: "தங்கச்சிக்கு மாப்ள பாக்குறாங்க. ஊரு வாயி ஒனக்குத் தெரியாதா, வக்கீலம்மா?"

ஜாமீன் மனுவை எழுதிப் பார்க்கச் சொல்லி ஜெகதாம்பாள் அவளிடமே கொடுத்தார். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் மனு. இரண்டு இடம் திருத்தி அப்படியே தாக்கல் செய்தார். ஜாமீன் கிடைத்தது, ஆனால் பிணை நிற்க ஆள் வேண்டும். பூவிழி தன் அப்பாவைக் கேட்டால் மறுநாளே வருவார். கேட்கத்தான் முடியாது. மறுபடி ஒரு மனு போட்டு, சொந்தப் பிணையில் விடவும், திருப்பூரில் தங்கி அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவும் உத்தரவு வாங்கினார்கள்.

அவன் வெளியே வந்த அன்று அலுவலகத்துக்கு வருவான் என்று நினைத்தாள். வாசலில் ஆள் அரவம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் ஜெகதாம்பாள் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பையன் மத்தியானமே பஸ் ஏறிட்டாம்மா."

ரெண்டு நாள் கழித்து வேம்பு ஒரு முறம் மக்காச்சோளக் கதிரோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பேசிட்டான் பூவு! போனு தண்ணியில வுழுந்து கெட்டுப்போச்சாம். நீ ஸ்டேஷன்ல சொல்லி வச்சதுலதான் அவனுக்கு ஆத்தா நெனப்பு வந்துருக்கு."

"நல்லதாப் போச்சு சின்னம்மா."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று நாக்கு நுனி வரை வந்தது. கதிர்களைத் தரையில் கொட்டி முறத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இளையபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, எம்பொண்ணு ஒரு வார்த்த சொன்னா திருப்பூரு வரைக்கும் எடுபடுது!" என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னார். பூவிழி திருத்தவில்லை. எந்த இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாலும் அது கிளைச்சிறையில் போய் முடியும்.

பயிற்சி முடிந்த அன்று ஜெகதாம்பாள் அவள் கையைப் பிடித்து, "படிப்பு முடிச்சுட்டு வா, எங்கிட்டயே சேர்ந்துக்க" என்றார். அந்த அலுவலகத்தில் அவளை வா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்குக் கலைச்செல்வன் அரியலூர் வருவான். அன்றைக்கு அவளுக்குத் திருச்சியில் பரீட்சை.