அட்டன் கடையில் எடுத்த பழைய வில்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தகரம் இருந்தது. மூடி இல்லாத பிஸ்கட் தகரம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசல் ஆணியில் எப்போதும் தொங்கும். என் அண்ணன்மார் இரண்டு பேரும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் புறப்படும்போது அதை எடுத்துக்கொண்டு இவரும் போவார். பள்ளத்துக்குள் இறங்கித் தகரம் தட்டிப் பன்றியைக் கலைப்பது இவர் வேலை. மேட்டில் நின்று அடிப்பது அவர்கள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

எங்கள் பக்கம் பன்றியின் தலை, அதை அடித்தவர் வீட்டுக்குத்தான் போகும். மற்ற கறியைக் கூறு போட்டு எல்லாருக்கும் கொடுப்பார்கள், தகரம் தட்டியவருக்கும் கொடுப்பார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அண்ணிமார் வாசலில் தலை வந்து இறங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். இவருக்கு எரியாது. கறி நல்லா இருக்கு என்று இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார்.

போன வருடம் பன்றிகள் எங்கள் லீக்ஸ் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போயின. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு பெரியண்ணனிடம் சண்டைக்குப் போனேன். எங்கள் பாத்தியை அழித்த பன்றியை என் புருசனே அடிக்கட்டும் என்றேன். அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“சரி, ஒரு வாட்டி நிக்கட்டும். தவறிச்சுன்னா ஆயுசுக்கும் தகரந்தான். அப்பறம் நீ வந்து பேசக்கூடாது.”

அண்ணனிடம் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு இருந்தது. இவருக்குத் துவக்கு வாங்க வழியில்லை. அட்டன் பஜாரில் பழைய சாமான் விற்கும் முதலாளியிடம் துவக்கு மாதிரி விசையை அமுக்கி அம்பு விடும் வில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து இவர் போனும் கையுமாக இருந்தார். பழைய வில்லை எப்படிப் பார்த்து எடுப்பது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, எனக்கும் பாடம் நடத்தினார். ரொட்டி சுடும்போதுகூட விடவில்லை.

கடையில் இரண்டு வில் இருந்தன. ஒன்று கறுப்பு, குறிபார்க்கும் கண்ணாடியோடு பளபளவென்று இருந்தது. மற்றது மரக்கட்டை வைத்தது, ஏதோ பங்களாவைக் காலி செய்தபோது வந்ததாம். இவர் கறுப்பைப் பார்த்ததும் படித்த பாடம் முழுவதையும் மறந்துவிட்டார். கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு தெருவில் போகிற பஸ்ஸை எல்லாம் குறிபார்த்தார்.

பாடம் எனக்கு மறக்கவில்லை. என் கம்பளிச் சால்வையை வில்லின் இரண்டு கைகளிலும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கறுப்பு வில்லில் ஓரிடத்தில் நூல் மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத கீறல். முதலாளி வாங்கிப் பார்த்து, தான் கவனிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லி அதை உள்ளே வைத்துவிட்டார். மர வில்லில் சால்வை வழுக்கிக்கொண்டு போனது. நாண் மட்டும் பிசிறடித்திருந்தது, அதற்குப் புது நாண் கட்டிக் கொடுத்தார். இவர் காலால் மிதித்து நாணை இழுத்தார், சிரமமில்லாமல் வந்து கொக்கியில் மாட்டியது. அம்பு வைக்காமல் விசையை அமுக்கினால் வில் தெறித்துவிடும் என்று முதலாளி இரண்டு தரம் எச்சரித்தார்.

வரும்போது பஸ்ஸில் இவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் மானாப்புல் அடைத்த சாக்கில் மூன்றாவது அம்பு நட்டநடுவில் பாய்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கடை ஏறி இறங்கலாம்.

வேட்டைக்கு முந்தின நாள் வில்லைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியானாலும் சரி, சாமி பார்க்காத ஆயுதம் எங்களிடம் வேலைக்குப் போகாது. வில்லின் கைகளுக்கு மூன்று பட்டை விபூதி, கட்டைக்குச் சந்தனம், விசைக்குத் தாராளமாகச் சந்தனமும் குங்குமமும். பூசை போட்ட பிறகு வேட்டைவரை யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

காலையில் அண்ணிமாரோடு தண்ணீர் விழும் பீலிக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பள்ளம் முழுவதும் தெரியும். சின்னண்ணன் கீழே எங்கள் தகரத்தைத் தட்டினார். நாய்கள் குரைத்தன. இவர் பாறைக்குப் பக்கத்தில் வில்லோடு நின்றார். பன்றி புல்லை விலக்கிக்கொண்டு நேராக இவர் முன்னால் வந்தது. குறி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பன்றி இவரைத் தாண்டி மேலே போனது.

அதைவிடக் கொடுமை, இவர் வில்லைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு விரலைச் சூப்பினார். ஒரு தரமல்ல, திரும்பத் திரும்ப. அண்ணிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஆளுக்காகவா அண்ணனிடம் சண்டை போட்டேன் என்று இருந்தது.

மேலே பெரியண்ணனின் துவக்கு வெடித்தது. குறி தவறி மண்மேட்டில் பட்டது. மிரண்ட பன்றி வந்த வழியே திரும்பி ஓடிவந்தது. இவர் இந்த முறை விரலை எடுத்துவிட்டு வில்லைத் தூக்கினார். அம்பு போனதை நான் பார்க்கவில்லை. பன்றி எங்கள் லீக்ஸ் பாத்திவரை ஓடி அங்கேயே விழுந்ததைத்தான் பார்த்தேன். அண்ணிமார் இருப்பதை மறந்து நான் ஆட்டமே போட்டேன்.

மத்தியானம் பெரியண்ணன் தானே தலையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். கிட்ட வந்த பன்றியை முதலில் ஏன் விட்டீங்க என்று இவரிடம் கேட்டார்.

“நீங்க மூத்தவரு. மொத வெடி ஒங்களுதா இருக்கட்டும்னு விட்டேன் மச்சான்” என்றார் இவர்.

பேசியபோது வாய்க்குள் பார்த்தேன். நாக்கு மஞ்சளாக இருந்தது, பல்லிடுக்கில் குங்குமச் சிவப்பு. அப்போதுதான் விளங்கியது. நான் அப்பிய சந்தனம் இரவோடு இரவாகக் காய்ந்து விசையை இறுக்கிவிட்டிருக்கிறது. மனுசன் எச்சில் தொட்டுத் தொட்டுச் சுரண்டியிருக்கிறார். என் பூசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்கு அவர் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

சின்னண்ணன் மாட்டிவிட்டுப் போயிருந்த தகரத்தைப் பெரியண்ணன் ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இது எங்க வீட்டுல கெடக்கட்டும். அடுத்த வாட்டி நான் தட்டுறேன்.”

எங்கே சத்தமாகச் சிரித்துவிடுவேனோ என்று பயந்து, பன்றித் தலையைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன்.