சுவரை மறைத்த கிரைண்டர்

காலை ஐந்தே முக்காலுக்குக் கட்டிலிலிருந்து இறங்கிய அம்மாவின் கால் தண்ணீரில் பட்டது. புனேயில், சாங்வி ஆற்றோரம், தரைத்தள வாடகை வீடு. அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் மாடிக்கு ஏறிக்கொண்டோம். சாமான்கள் கீழேயே நின்றன.

வெள்ளம் வடிந்ததும் அம்மா நேரே கிரைண்டரிடம்தான் போனாள். அதில் அரைத்த இட்லி மாவைத்தான் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிப்போகும். என் பள்ளிக் கட்டணம் அந்த மாவிலிருந்து வந்தது.

“மோட்டாரைக் கழட்டிக் காயவச்சா பிழைச்சுக்கும்ங்க” என்றாள் அப்பாவிடம்.

அந்நேரம் வீட்டு உரிமையாளர் வந்தார். மராத்தியில் மாலக் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சேற்றில் நின்றபடி அப்பாவின் தோளைத் தட்டி, “காள்ஜி கரூ நகா, இன்ஷூரன்ஸ் ஆஹே” என்றார். கவலை வேண்டாம், இன்சூரன்ஸ் இருக்கிறது. நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அது போதும். “எதையும் தொடாதே. பிரிச்சா நாமளே கெடுத்ததா இன்சூரன்ஸ்காரன் எழுதிடுவான். வர்றவர் கண்ணால பார்க்கட்டும்.”

“அதுக்குள்ள துருப்பிடிச்சுடும்.”

“பிடிச்சா புதுசே தருவான், போ.”

நாறிய மெத்தை, உப்பிப்போன மர அலமாரி, நடுவில் கிரைண்டர் என்று கொலு வைத்ததுபோல் சுவரோரம் அடுக்கினோம். காவலுக்கு நான். மாவு கேட்டு வந்தவர்களை அம்மா திருப்பி அனுப்பினாள். போகவர கிரைண்டர்மேல் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பாள். மோட்டாரின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ தரையில் கசியத் தொடங்கியிருந்தது.

இது நான் பள்ளியில் படித்தபோது. நேற்று, அதே புனேயின் வாகட் பகுதியில், என் மகளின் வாடகை ஃபிளாட்டில் குழாய் வெடித்து, லேப்டாப் வரை எல்லாம் நனைந்துவிட்டது. “டென்ஷனாகாதீங்கப்பா, ஓனருக்கு இன்சூரன்ஸ் இருக்காம்” என்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் சொல்லாமல் எப்படி விட்டேன்?

அந்த வெள்ளத்துக்குப் பிறகு, கடைசியில் ஒரு மத்தியானம், சேதத்தைக் கணக்கெடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர் கேமராவோடு வந்தார். அப்பா தொழிற்சாலைக்கு லீவு போட்டிருந்தார். அம்மா டீ கொடுத்தாள். அப்பா தெரிந்த இந்தியில் கிரைண்டரின் பெருமையைத் தொடங்கியதும், சர்வேயர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இந்தியிலேயே மெதுவாகக் கேட்டார்: “இதெல்லாம் உங்க சாமானா? பாலிசி மாலக்கோட கட்டடத்துக்கு மட்டும்தாங்க. உங்க சாமானுக்கு நீங்க தனியா எடுத்திருக்கணும். கொஞ்சம் நகர்த்துறீங்களா, சுவர் தெரியலை.”

அப்பா அசையவில்லை. அம்மாவும்தான். சுவரைப் படம் எடுத்து முடித்தால் அடுத்தது எங்கள் முறை என்று நினைத்துக்கொண்டு, நான்தான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துக் கிரைண்டரைத் தள்ளினேன்.