என் காலுக்குள் இருந்த எலி

பேப்பர் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான் எனக்குப் படிப்பு. ஆனால் கொழும்புத்துறையில் கல்வீடு, இரண்டு வள்ளம், ஒரு மோட்டார்சைக்கிள், எல்லாம் என்ரை கையால் வந்தவை. மோட்டார்சைக்கிளில் நான் ஒருநாளும் விழுந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் என்ரை மனுசி, "இனி உங்களோடை ஏறமாட்டன்" என்று சொல்லிப்போட்டா.

காரணம் என்ரை வலது கால். சந்தைக்குப் போற வழியில் ஒரு வளைவு. முன்னால் ஒரு நாய்கூட நிற்காது. கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிடும். கடைசியில் மனுசி பின்னாலிருந்து விழுந்து கை பிசகிவிட்டது. பிள்ளைகள், "அப்பாவுக்கு வயது போயிட்டுது, மோட்டார்சைக்கிளை விப்பம்" என்றார்கள். என்னையோ!

விடுவேனா? ஆஸ்பத்திரியில் மனநலப் பக்கம் போக ஊரில் எவனும் கூச்சப்படுவான். நான் வெள்ளை வேட்டியோடு முன்வாசலால் போனேன்.

அங்கே உளவளத்துணை செய்கிற பிள்ளை சொன்னா: "ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சு வேலை செய்யிறது நனவு மனம். தெரியாமல் வேலை செய்யிறது நனவிலி மனம்."

"நனவு எலியோ? எலியோ பிள்ளை?"

சிரித்துவிட்டா. "எலி எண்டே வையுங்கோ."

சில கிழமை கதைத்தோம். ஒருநாள் கேட்டா: "தனியப் போகேக்கையும் கால் பிரேக் பிடிக்குதோ?"

யோசித்தேன். இல்லை. மனுசி பின்னால் இருந்தால் மட்டும்தான்.

கண்ணை மூடி அந்த வளைவுக்குப் போகச் சொன்னா. போனேன். சண்டைக்காலம். ஆமி ஆக்களை மறிக்கிற சென்றிக் காவலரண் அங்கேதான் இருந்தது. நிற்கப் பிந்தினேன் என்று ஒருதரம் மனுசியை இறக்கி, அவவின்ரை நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டினாங்கள். சென்றியைக் கழற்றிக் கனகாலம். நானும் மறந்துபோனேன் என்றுதான் இருந்தேன். எலி மறக்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீரே பிள்ளை! இவ்வளவு காலமும் என்ரை கால் மனுசியைக் காவல் காத்திருக்கு!"

"ஓம் ஐயா. இனிக் காவல் வேண்டாமெண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?"

வீட்டில் வந்து சொன்னேன். மனுசி என் காலையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பின்னால் ஏறினா.

வளைவு வந்தது. கால் துடித்தது. "சென்றி இல்லை, சும்மா இரு" என்று வாய்விட்டே சொன்னேன். மெதுவாகத்தான் போனோம், பிரேக் பிடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, எலி என்னவாம்?"

"படுத்திட்டுது."

"அப்ப கெதியா விடுங்கோ. சந்தை கலையப்போகுது."

விற்கவேணுமென்று நின்ற பிள்ளைகளிடம் அன்று பின்னேரமே மோட்டார்சைக்கிளைக் கழுவக் கொடுத்தேன்.