பெட்டிசக்காரரின் பாதை

அமிர்தநாதருக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். அதுவும் இந்தக் காலத்து ஆங்கிலம் அல்ல. குடியேறி வந்த நகரத்தின் டவுன்டவுனில் கார்த் தரிப்பிடம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் அரைவாசி ஆயுளைக் கழித்தவர் அவர். கூண்டுக்குள் துணையாக இருந்தது, தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய ஒரு சட்ட அகராதி. வீடும் வளவும் சேர்ந்தால் மெஸ்வேஜ். இரண்டு சுவருக்கு நடுவே போகும் ஒடுக்கமான வழி ஜின்னல். ஊர்ப் பொதுவுக்கு ஆளாளுக்குக் கட்டும் வரி ஸ்கொட் அண்ட் லொட். நகரசபையின் வீட்டுச் சோலைவரிக் கடிதம் வந்தால்கூட, "ஸ்கொட் அண்ட் லொட் வந்திட்டுது" என்றுதான் மனைவி றோசலினிடம் சொல்வார்.

பென்சன் எடுத்து வெக்ஸ்போர்ட் பகுதியில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு வேலை தேவைப்பட்டது. பக்கத்து வீட்டு நிஸ்தார் அகப்பட்டார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் மட்டும் போகிற பொதுப்பாதை. பாதி இவருடையது, பாதி அவருடையது. நிஸ்தார் குழாய் வேலை செய்பவர். வேலையால் வந்தால் குழாய் கட்டிய வானைப் பாதையின் வாயிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். பாரிசவாதத்தில் வலப்பக்கம் வழங்காமல் போன றோசலினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் அமிர்தநாதர் வானுக்கு முன்னால் நின்று ஹோர்ன் மாதிரிக் கத்துவார்.

ஒருநாள் வாளியில் மண் நிரப்பி, தடி நட்டு, அதில் சுங்கத் தடை என்ற பொருளில் 'ரோல் பார்' என்று எழுதிய பலகையைக் கட்டிப் பாதையில் வைத்தார்.

"என்ன அண்ணை, ஆயம் வாங்கப் போறியளோ?" என்றார் நிஸ்தார்.

"இது தரோபெயர், பொதுவழி. உன்ர கராஜ் இல்லை."

"கூண்டுக்க இருந்து காசு வாங்கின பழக்கம் இன்னும் விடேல்லை, என்ன?"

அன்றைக்கே அமிர்தநாதர் முறைப்பாட்டுப் பெட்டிசம் எழுத உட்கார்ந்தார். அவருடைய யாழ்ப்பாணத்து ஊரில் வேலி ஒரு முழம் நகர்ந்தாலும் பெட்டிசம்தான். கை நீட்டுவது மரியாதைக் குறைவு. தமிழில் எழுதினால் அது வெறும் ஏச்சு. மெஸ்வேஜ், ஜின்னல், தான் தவறாமல் கட்டிவரும் ஸ்கொட் அண்ட் லொட், எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, இந்த மனிதரைப் பாதையிலிருந்து 'ஈஜெக்ட்' செய்து வெளியேற்றவேண்டும் என்று முடித்தார். ஒரு பிரதி நகரசபைக்கு. ஒரு பிரதி நிஸ்தாருக்கு.

"கை கால் வழங்குற ஆக்கள் சண்டை பிடிக்கலாம்," என்றாள் றோசலின். "எனக்கு வெளியில போக அந்தப் பக்கவாசல் ஒண்டுதான் இருக்கு. உதைக் கெடுத்துப்போடாதேங்கோ."

நிஸ்தாருக்கு அவருடைய மனைவி நபீலா வாசித்துக் காட்டியிருக்கிறாள். கடுதாசியோடு வந்து கதவில் நின்றார். சத்தம் போடவில்லை.

"ஈஜெக்ட் எண்டு எழுதியிருக்கிறியள். தொண்ணூறில எங்கட வாப்பாவையும் மற்ற முஸ்லிம் சனத்தையும் உப்பிடித்தான் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னவை."

"அது வேற கதை."

"கதை ஒண்டுதான் அண்ணை. இங்கிலீஷ்தான் புதுசு."

அமிர்தநாதர் கதவைச் சாத்தினார்.

நகரசபையிலிருந்து அளவு நாடாவோடு ஒரு இளம் பெண் வந்தாள். மத்தியானம், நிஸ்தாரின் வான் வேலைக்குப் போயிருந்தது. வெறும் பாதையில் கண்ணுக்குப் பட்டது, பக்கக் கதவிலிருந்து றோசலினை இறக்க அமிர்தநாதர் தன் கையால் அடித்த பலகைச் சாய்தளம் மட்டும்தான். நாடாவை வைத்துப் பார்த்தாள். அனுமதி எடுக்கவில்லை, அடிப்பக்கம் நிஸ்தாரின் பாதிக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டாரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாவிட்டால் கழற்றவேண்டும் என்றாள். அமிர்தநாதர் மெஸ்வேஜில் தொடங்கி மூச்சு விடாமல் வாதாடினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று கேட்டாள்.

முன்வாசலில் செங்குத்தான படிகள். சாய்தளம் போனால் றோசலின் வீட்டுக்குள்தான். அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் நிஸ்தாரின் கதவைத் தட்டினார்.

"நிஸ்தார், வித் றிகார்ட் ரு தி..."

"தமிழில சொல்லுங்கோ."

தமிழில் சொல்ல அவரிடம் மிகக் கொஞ்சமே இருந்தது. "றோசலின் வெளியில போறதுக்கு வேற வழி இல்லை. நான்தான் இதைக் கிளறினது. நீர் கையெழுத்து வைக்கவேணும்."

"இப்ப 'நீ'யை 'நீர்' ஆக்கிப்போட்டியள்." நிஸ்தார் அவர் நீட்டிய சம்மதக் கடுதாசியை வாங்கி, வெளியே வந்து வானின் பொனற்றில் வைத்து, சட்டைப் பையிலிருந்த பேனையால் கையெழுத்திட்டார். "இது அக்காவுக்கு. உங்களுக்கில்லை. அந்த வாளியை எடுங்கோ. அந்தப் பெட்டிசத்தை வாபஸ் வாங்குங்கோ. வான் நிக்கிற இடத்திலதான் நிக்கும்."

அமிர்தநாதர் வாளியைத் தூக்கிப்போய்ப் பின்வளவில் கவிழ்த்தார். பெட்டிசத்தை மீளப்பெற ஒரே வரி எழுதினார். அவர் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான்.

அடுத்த நாள் றோசலினை இறக்கிக்கொண்டு வந்தபோது வான் குறுக்கே நின்றது. நிஸ்தார் வெளியே வந்து, முகம் கொடுக்காமல் ஏறி, தேவைக்கு மிஞ்சி எஞ்சினை உறுமவிட்டு, பின்னால் எடுத்தார். றோசலின் வழங்குகிற கையைத் தூக்கிக் காட்டினாள். அவரும் கண்ணாடிக்குள் இருந்து கையைத் தூக்கினார். அமிர்தநாதர் நிலத்தைப் பார்த்து நாற்காலியைத் தள்ளினார்.

திரும்பி வந்து யன்னலால் பார்த்தால், வான் அதே இடத்தில். வாய்வரை ஒரு சொல் வந்தது, நல்ல பழைய சொல்.

"என்ன?" என்றாள் றோசலின்.

"ஒண்டுமில்லை," என்று விழுங்கிவிட்டார்.