மாரக்காள் கேட்ட அளவு

எங்கள் பனியன் கம்பெனியில் மாரக்காளின் செக்கிங் டேபிளுக்குத் தைத்த பீஸ் போகிறதென்றால் டெய்லர்கள் முதலில் தாங்களே ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வார்கள். எங்கே குறுகுகிறதோ, சரியாக அங்கேதான் டேப்பை வைப்பாள். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். நான் தைத்ததே எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அவளைத் திட்டாத நாள் கிடையாது.

அவளுக்கு வலது காது ஜவ்வில் ஓட்டை. இரண்டு வருடமாகச் சீழ். ஆபரேஷன்தான் வழி என்று தெரிந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது படிக்கும்போது இடது காதுக்குப் பின்னால் வெட்டி ஆபரேஷன் செய்து, பாதித் தலையை மழித்துவிட்டார்கள். வகுப்பில் செய்த கேலியில் அழுதுகொண்டு வந்தவள், அதன்பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

இப்போது காதுத் துவாரம் வழியாகவே என்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் செய்யலாம், வெளியே வெட்டு இருக்காது என்று கேள்விப்பட்டபிறகுதான் சம்மதித்தாள். என்னதான் திட்டினாலும், துணைக்கு நான்தான் போனேன். டாக்டர் தரணீதரன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து, "காதுத் துவாரம் ஆறு மில்லிமீட்டர் அகலம் இருக்குதுங்க. தாராளமா செய்யலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவள் சும்மா இருக்க வேண்டுமே!

"ஏனுங்க டாக்டர், இது எந்த எடத்துல அளந்ததுங்க?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிப்போர்ட்டில் வெளி வாசலை மட்டும் அளந்திருந்தார்கள். உள்ளே எலும்பு நெருக்குகிற இடத்தில் அவரே அளந்தார். மூன்றரைதான் வந்தது.

"குழாயே மூணு மில்லிங்க. கூடவே கருவியும் போகோணும். பாதியில நிறுத்திக் காதுக்குப் பின்னால வெட்டற மாதிரி ஆயிருக்கும். நல்ல வேளை கேட்டீங்க."

நல்ல வேளையாம்! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேற ஆஸ்பத்திரில கேட்டுப் பாக்கலாங்க்கா" என்றேன்.

"எங்க போனாலும் இதே காதுதான கண்ணு?" என்றவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "பின்னாலயே வெட்டுங்க டாக்டர். முடி எவ்வளவு எடுக்கோணுமோ எடுத்துக்குங்க. திங்கக்கிழமையே வெச்சுக்கலாம்."

முதலிலேயே பேசி வைத்திருந்த தேதி அது. அதை அவள் மாற்றவில்லை.

தையல் பிரித்த மறுநாளே கம்பெனி வேனில் ஏறினாள். மழித்த இடம் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறைத்துக்கொள்ளட்டும் என்று என் துப்பட்டாவை நீட்டினேன். வாங்காமல், எல்லோருக்கும் முன்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள்.