நின்றபடி எடுத்த அளவு

என் சின்ன மகளைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில், பக்கவாட்டில் திரும்பி நுழைய வேண்டிய ஓர் அறைதான் அவளுடைய தையற்கடை. நீண்டுபோன பேன்ட்டைக் குறைப்பது, இறுகிப்போன கோட்டைப் பிரித்துவிடுவது, இதுதான் பிழைப்பு. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள், தோள்பட்டைத் தையலைத்தான் பார்ப்பாள்.

சின்ன வயதிலிருந்து மெஷின் முன்னால் குனிந்தே இருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. நீச்சல் நல்லது என்றார் டாக்டர். முதுகுவலிக்குக் குளத்தில் இறங்கியவள், ஒரு நாள் ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு போட்டி இருக்கு. முதல்ல ஏரியில நீந்தணும், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணு, நிறுத்தாம."

"உன்னை யாராவது துரத்துறாங்களாடி?" என்று கேட்டேன்.

போன வருடம் போனாள். தண்ணீரிலிருந்து நன்றாகத்தான் ஏறினாள். பிறகு கரையில் போட்டிருந்த கூடாரத்துக்குள் போய் உடம்பைத் துவட்டி, வேறு உடை மாற்றி, பொத்தான் போட்டு, தலையும் வாரிக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணத்துக்கா போகிறாள்! நேரம் முடிந்து ஊதல் ஊதும் முன்னே சைக்கிளை முடித்துத் திரும்பாதவர்களை ஓட விடமாட்டார்கள். இவள் வந்து சேர்ந்தபோது குறுக்கே கயிறு கட்டியாகிவிட்டது. கயிறு நெஞ்சில் பட அப்படியே நின்றாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுத்தாள். யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் அந்தக் கயிற்றைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

அதனால் சாமான்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. எனக்கு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால்தான் ஆகும். நீச்சல் கண்ணாடியை மாட்டினேன், வீடே நீலமாகிவிட்டது. தலைக்கவசத்தில் ஏன் இத்தனை ஓட்டை என்று கேட்டேன். காற்று போக என்றார் மருமகன். தலைக்குள்ளே போகவா என்று கேட்டேன். மிதிகட்டையோடு காலைப் பூட்டிக்கொள்ளும் ஷூவை வாங்கச் சொல்லி சைக்கிள் கடைக்காரர் மன்றாடியிருக்கிறார். "பூட்டிக்கிட்டா இறங்குறது எப்படி?" என்று அதை மட்டும் வேண்டாமென்று வந்துவிட்டாள். ஓடுவதற்கான ஷூவில் கட்டும் நாடாவை உருவிப் போட்டுவிட்டு, பாவாடைக்கு வைக்கும் எலாஸ்டிக்கைக் கோத்தாள். முடிச்சே வேண்டாம், காலை நுழைத்தால் போதும். எழுதுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது, நல்ல யோசனை.

மூன்றுக்கும் ஒரே உடை போடுவார்களாம், மாற்றவே வேண்டாமாம். கடையில் கிடைத்த எதுவும் இவளுக்குப் பொருந்தவில்லை. மெஷின் ஓட்டி ஓட்டி ஒரு தோள் இறங்கியிருக்கிறது. "நானே தைச்சுக்கறேன்" என்றாள். உடம்பைப் பிடிக்கும் வழவழத் துணியை வேண்டாமென்று, அதிகம் இழுபடாத கெட்டித் துணியாக எடுத்தாள். கண்ணாடி முன் நேராக நின்று, மூச்சை இழுத்து, தனக்குத்தானே அளவெடுத்தாள். தைத்து முடித்துப் போட்டுக்கொண்டு வந்தபோது நானே அசந்துபோனேன். சுருக்கமென்பதே இல்லை.

"அத்தை, உங்க பொண்ணைப் பாருங்க, பொம்மை மாதிரி!" என்றார் மருமகன்.

பொம்மை கூடத்தில் நின்ற சைக்கிளில் ஏறியது. கைப்பிடியைப் பிடிக்க முன்னால் குனிந்தது. முதுகில் பர்ரென்று ஒரு சத்தம்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. போட்டி நெருங்கிவிட்டிருந்தது.

"நிக்கறதுக்குத் தைச்சிருக்கே. அங்க எங்கடி நிக்கப் போறே?" என்றேன்.

சைக்கிளிலேயே உட்கார்ந்து யோசித்தாள். பிறகு கழுத்து நாடாவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "அம்மா, நான் இப்படியே இருக்கேன். நீ அளவு எடு."

எனக்கு எண் தெரியாது. நாடாவை அவள் முதுகில் வைத்து, முடிகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன், மருமகன் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தார். அடுத்து நீந்துகிற மாதிரி கையை நீட்டச் சொல்லி அக்குளிலும் எடுத்தோம். அந்த அளவில் புதிதாக இன்னொன்று தைத்தாள்; முதுகு நீண்டது, வயிற்றுப் பக்கம் குறைந்தது, அக்குளுக்கு அடியில் தனியாக ஒரு துண்டு வந்தது.

குனிந்தால் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. நிமிர்ந்தால் முதுகில் மூட்டை கட்டினது மாதிரி தொங்கியது. கண்ணாடியில் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"நம்ம கஸ்டமர் எல்லாம் வருவாங்கம்மா. இதைப் பார்த்தா நாளைக்கு யார் என்கிட்ட துணி கொடுப்பாங்க?"

"அழகா இருந்தா கயித்தை அவிழ்த்து விடுவாங்களா?" என்று கேட்டேன். கிழிந்ததையும் தைத்து, இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

போட்டியன்று ஏரிக்கரையில் எதைப் போட்டுக்கொண்டு வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூட்டை முதுகோடுதான் வந்தாள். பக்கத்துக் கடை சலூன்காரர் விடுவாரா?

"என்ன டெய்லரம்மா, வேற யாருக்கோ தைச்சதை மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

காது சிவந்தது அவளுக்கு. "சைக்கிள்ல பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

நீந்தி ஏறியவள் கூடாரத்தின் பக்கமே திரும்பவில்லை. ஈரத்தோடு ஷூவில் காலை நுழைத்துச் சைக்கிளில் ஏறிக் குனிந்தாள். முதுகுத் துணி அப்படியே படிந்தது. சலூன்காரர் "அட!" என்றார். அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கயிறு பிடித்திருந்த பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தள்ளி நில்லுங்க பாட்டி என்றான், நான் நகரவில்லை. அவன் ஊதலை வாயில் வைத்த நேரம், திருப்பத்தில் என் மகளின் வளைந்த முதுகு தெரிந்தது. அவள் உள்ளே வந்து இறங்கிய பிறகுதான் ஊதல் கேட்டது.

ஓட்டத்தில் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தாள். நிமிர்ந்து ஓடினாளல்லவா, மூட்டை முதுகில் குதித்துக் குதித்து வந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த வாரம் சலூன்காரர், வேலைக்குப் போடும் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். கண்ணாடி முன் விறைப்பாக நின்றார்.

"அப்படி இல்லண்ணே. முடி வெட்டற மாதிரி கையைத் தூக்குங்க."

"வெட்டறதுக்குத் தலை வேணுமே!"

"அம்மா, கொஞ்சம் இப்படி வந்து உட்காரு" என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். என் முடியில் கை மட்டும் படக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.